தபால்காரர் மேல் விழுந்த பழி

அன்பும் குரல்வளமும் நிறைந்த மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் உன் அக்கா படித்துவிட்டு, "யாரு நலம்?" என்று கேட்பாள். அதையும் என்னிடம் நேராகக் கேட்கமாட்டாள். என் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பாகிட்ட கேளு" என்பாள். உன் தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் வரும் அந்த மர்மத் தொடரில் தபால்காரருக்கு நீ பின்னணிக் குரல் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து என் வீடு வீடாக இல்லை. காணாமல் போய்ப் பிணமாகக் கிடைத்த ஆசிரியை, உள்பக்கம் பூட்டிய அறை, ஆளுக்கொரு பொய் என்று வருடக்கணக்காக முடிச்சு மேல் முடிச்சாகப் போடுகிறார்களே தவிர ஒன்றையும் அவிழ்த்தபாடில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி என்று அறிவித்ததும் ஊரே துப்பறியக் கிளம்பிவிட்டது. என் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்ட வருகிறார்களா, கொலைகாரரைக் காட்டிக்கொடுக்க வருகிறார்களா என்றே தெரியவில்லை. எழுத்துப் பலகையில் மூன்றாவது வரியைப் படியுங்கள் என்றால், "மூணாவது பகுதியில டாக்டர் கையில ஈரக் குடை இருந்துச்சே, கவனிச்சீங்களா?" என்கிறார்கள். நானாவது சும்மா இருந்திருக்கலாம். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, "எனக்கென்னவோ தபால்காரர்தான்னு தோணுது" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். நான் வீடு போய்ச் சேருமுன் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

கதவைத் திறந்ததுமே உன் அக்கா, "என் தம்பி கொலைகாரனா?" என்றாள்.

"தம்பி இல்லம்மா, தபால்காரர்."

"குரல் யாரோடது?"

"குரல் அவனோடது. குத்துன கை வேற யாரோடதோ."

"அப்ப எங்க குடும்பத்து ஆளுக்குக் கொலைகாரன் குரல்தான் பொருந்தும், அதானே உங்க நினைப்பு?"

அன்றோடு பேச்சு நின்றது. மகள்தான் கூடத்துக்கும் சமையலறைக்கும் தூது போகிறாள். அவளும் சும்மா போவதில்லை. போகிற வழியில் டாக்டர்தான் குற்றவாளி என்று இரண்டு தரப்பிலும் ஆள் சேர்க்கிறாள்.

இதற்கு நடுவில் மாடி வீட்டு வங்கி மேலாளர், ஓய்வுபெற்றவர், புதுக் கண்ணாடிக்கு வந்தார். அந்த ஈரக் குடையை வைத்து அவர் வாதாடிய வாதத்தில் எனக்கு மண்டை காய்ந்து, வலது லென்ஸை இடது பக்கமும் இடது லென்ஸை வலது பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மனிதர் அதைப் போட்டுக்கொண்டு போன வெள்ளிக்கிழமை தொடர் பார்த்திருக்கிறார். தபால்காரர் மாடிப்படியில் இறங்கும் காட்சியில் இரண்டு பேர் இறங்கினார்களாம். "இரட்டைப் பிறவி சார்! ரெண்டு பேரையும் என் கண்ணால பார்த்தேன்!" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். இப்போது கட்டடமே அதை நம்புகிறது. பார்க்காதவர்கள்கூடப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். உன் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவனுக்குத்தான் என் தம்பி குரல். கெட்டவன் ஊமை" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தால் என் கடை மானமும் போகும், அவள் நிம்மதியும் போகும். நல்லவேளை, மேலாளர் அதைத் தொடர் பார்க்க மட்டும்தான் போடுகிறார்.

மாப்பிள்ளை, எனக்கு அலுத்துவிட்டது. அந்த ஆசிரியையை யார் கொன்றால் எனக்கென்ன? உன் அக்கா என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் தட்டை மேசையில் வைக்கிற சத்தம்தான் அழைப்பு. முடிவை வெளியே சொல்லமாட்டேன் என்று நீ கையெழுத்துப் போட்டிருப்பது தெரியும். சொல்லவே வேண்டாம். எனக்குப் போன் செய்து, தபால்காரர்தான் என்றால் ஒருமுறை இருமு. இல்லையென்றால் சும்மா வைத்துவிடு. அதற்கேற்றபடி நான் அவளைத் தேற்றவோ, அவள் காலில் விழவோ தயாராகிக்கொள்கிறேன்.

உன் குரல் கட்டாமலும் உன் வீட்டில் பேச்சு நிற்காமலும் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உறையை ஒட்டப் போகும்போதுதான் நீ உன் அக்காவைப் போனில் கூப்பிட்டாய்; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நான் கேட்காமலே இருமினாய், விடாமல் இருமினாய். "கடைசிப் பகுதிக்கு ஒரே கத்தல், ஒரே அழுகை, தொண்டையே போச்சுக்கா" என்றாய். போனை வைத்துவிட்டு, அவள் என்னைப் பார்த்து நேராகவே கேட்டாள்: "அவன்தான், இல்ல?" நான் ஜெயித்துவிட்டேன், மாப்பிள்ளை. ஆனால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "சேச்சே, அதான் ரெண்டு பேராச்சே. மேலாளர் கண்ணால பார்த்தாரே" என்றேன்.

மேசையில் ஒட்டாமல் கிடந்த இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தவள்போல என் பக்கம் தள்ளினாள். "அந்தக் கண்ணாடிய வெள்ளிக்கிழமை கழிச்சு சரிபண்ணிக் குடுத்துடுங்க" என்றாள். "அதுவரைக்கும் ரெண்டு பேராவே இருக்கட்டும். சாப்பிட வாங்க."