கைப்பிடிச் சுவர் ஆலோசனைக் குழு

பாலையும் இறைச்சியையும் ஒரே அடுப்பில் வைக்காத, யூதர்களின் பெனே பராக் நகரத்தில், வேதத்தையும் லாபத்தையும் ஒரே அடுப்பில் வேகவைத்துக் காட்டிய மகான் ஒருவர் உண்டென்றால், அவர் பிஸ்கட் கம்பெனி முதலாளி கெர்ஷோன்தான். அவருடைய கம்பெனியில் வேதமாகிய தோராவைப் பார்க்காமல் மாவுகூடப் பிசைய மாட்டார்கள்! இதற்கென்றே 'அறநெறி அதிகாரி' என்று ஒரு பதவி. அதில் இருந்தவன் எல்கானா.

ஒருநாள் பாக்கிங் பிரிவு நெகாமா அவனைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் மொட்டைமாடியில்தான் மதியம் சாப்பிடுவார்கள். சுற்றுச்சுவர் கிடையாது.

"காத்துல பறந்த காகிதத்தைப் பிடிக்கப் போயி, நம்ம யாயேலுக்கு ஒரு கால் வெளியே போயிருச்சு தம்பி. நாங்க சாப்பிடப் போறோமா, சாகப் போறோமா? ஒரு சுவர் கட்டச் சொல்லேன்."

எல்கானாவுக்கு ஒரே குஷி. வேதத்திலேயே நேராக இருக்கிறதே! வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு. யாராவது விழுந்து ரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரவேண்டாம். முதலாளியிடம் ஓடினான்.

"ஆகா! என்ன வசனம்யா!" கெர்ஷோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உடனே ஒரு குழு போடு."

குழு கூடியது. தேநீர் வந்தது, எள்ளு மிட்டாய் வந்தது, சுவர் மட்டும் வரவில்லை.

"வீடுன்னுதானே இருக்கு? இது கம்பெனியாச்சே," என்றார் கெர்ஷோன்.

"ஆளுங்க புழங்குற மாடி சார்."

"சரி, யாரும் குடியிருக்காத வேதப் படிப்பு மண்டபத்துக்குச் சுவர் கட்டாயமில்லைன்னு நம்ம பெரியவங்க சொல்லியிருக்காங்களா இல்லையா?"

"சொல்லியிருக்காங்க சார். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? இனிமே அறநெறி வகுப்பு மாடியிலதான். படிப்பு மண்டபம் ஆயிருச்சா? சுவர்ச் செலவு மிச்சம். பாத்தியா, வேதம் எவ்வளவு ஆழம்!"

இது வேதத்தைத் திருகுவது என்று எல்கானாவுக்குத் தெரிந்தது. தெரிந்தே 'படிப்பு மண்டபம்' என்ற பலகையைத் தன் கையாலேயே அடித்தான்.

"விழுந்தா இந்தப் பலகை பிடிக்குமா தம்பி?" என்று கேட்டாள் நெகாமா. அவன் இன்னொரு ஆணியை அடித்தான்.

திறப்பு விழாச் சொற்பொழிவு, தலைப்பு 'பிறர் உயிர்'. பெண்கள் கையில் பீட்டா ரொட்டியோடு கேட்டார்கள். உணர்ச்சிப் பெருக்கில் கெர்ஷோன் ஓரடி பின்னால் வைத்தார். அங்கே மாடி இல்லை!

நெகாமா பாய்ந்து அவருடைய கால்சட்டைத் தோள்வாரைப் பிடித்தாள். யாயேல் நெகாமாவைப் பிடித்தாள். முதலாளி பாதி மாடியிலும் பாதி ஆகாயத்திலும் நின்றார்.

"இழும்மா! இழு!"

"இழுக்கிறேன் சார். அதுக்குள்ள ஒரு சந்தேகம். இது வீடா, படிப்பு மண்டபமா?"

"வீடு! வீடுதான் தாயே! எங்கப்பன் வீடு!"

மறுநாளே கொத்தனார் வந்தார். எந்தக் குழுவும் கூடவில்லை. பெரியவர்கள் சொன்ன அதே உயரத்தில் அருமையான சுவர், அதில் பொன்னெழுத்தில் அந்த வசனம். எல்கானா ஆனந்தமாக மாடியேறினான்.

சுவர், முதலாளியின் சொற்பொழிவு நாற்காலியைச் சுற்றி மட்டும் இருந்தது. நெகாமாவும் யாயேலும் அதற்கு வெளியே, பழைய விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரத்தப்பழிக்கு அஞ்சும் நிறுவனம் அது, சந்தேகமே வேண்டாம். யாருடைய ரத்தம் என்பதில்தான் குழுவுக்கு இத்தனை நாள் தெளிவில்லாமல் இருந்தது.