கம்பத்தடி வீட்டில் கதைத்த பெட்டி

கிற்றார் வாசிக்கத் தெரியாத ஒருவன் வீடு நிறையக் கிற்றார் அம்ப்ளிபயர்களை அடுக்கி வைத்திருந்தால், அவனுக்குப் பெண் கொடுக்க எந்தத் தகப்பனும் தயங்கத்தான் செய்வார். ஹமீது மாமாவும் தயங்கினார். அவருடைய தயக்கம் நியாயமானதுதான் என்று நிரூபிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது போதுமாக இருந்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. அதற்கு முன்னால் கம்பியும் பெட்டியுமாக ரோட்டில் போனால், சோதனைச் சாவடியில் இறங்கிப் பெட்டியின் வயிற்றைத் திறந்து காட்ட வேண்டும். அந்தத் தொல்லை நீங்கியதும் நான் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே அலைந்தேன். கலியாண வீட்டு பேண்ட்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். எல்லாம் ஜப்பான் சாமான், என்னைவிட வயதில் மூத்தவை, வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் பெட்டிகள். வால்வுப் பெட்டி வைத்திருப்பவர்கள் இவற்றைத் தகரம் என்பார்கள். (அவர்கள் கிடக்கட்டும்.) வெள்ளி நிற முகப்பு, பல்லி முட்டை அளவில் ஒரு சிவப்பு விளக்கு, சூடேறினால் கிளம்பும் பழைய பிசின் வாசம், பூசி மெழுகாமல் உள்ளதை உள்ளபடி சொல்லும் அந்தக் குளிர்ந்த சத்தம். வாசிக்கத் தெரிந்த யாரையாவது பிடித்து வந்து ஒரே ஒரு நரம்பைத் தட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்கு அது போதும்.

எங்கள் பக்கத்தில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். மற்ற மாப்பிள்ளைமார் இரண்டு சாரமும் நாலு சட்டையும் எடுத்துக்கொண்டு போவார்கள். நானோ என் பெட்டிகளுக்கும் அங்கே இடம் கேட்டேன். கனமூலைக்குப் பக்கத்தில் இருந்தது பெண் வீடு. கம்பத்தடி வீடு என்றால் யாரும் வழி காட்டுவார்கள். கலியாணக் கார்டிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தோம். பெண்ணின் பெயர் நஸ்மியா. அவளை ஒரு தடவை பார்த்திருந்தேன். அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

"கொண்டு வந்து காட்டுங்க மாப்புள. பாத்துட்டுச் சொல்றன்," என்றார் ஹமீது மாமா. கருவாட்டு வியாபாரத்தில் ஊறிய மனிதர். எதையும் முகர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் எடுக்க மாட்டார்.

காட்டுவதற்கு நான் தெரிந்தெடுத்தது முந்தல் ஊரில் கிடைத்த பெட்டியை. பேண்ட் ஒன்றில் கிற்றார் வாசித்து, மௌத்தாகி அடக்கமாகிப் போன ஒருவருடையது அது. அவருடைய மனைவி ரோசலின் அக்கா, பெட்டியை முற்றத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்.

"பின்னேரத்தில மட்டும் போட்டுடாதீங்க தம்பி."

"ஏனக்கா?"

"கதைக்கும்."

நான் சிரித்தேன். பழைய மின்தேக்கிகள் பழுதானால் பெட்டி இரையும், அதைத்தான் சொல்கிறீர்கள் என்று அந்த மனுசிக்கு நின்ற நிலையில் ஒரு பாடமே நடத்தினேன். நான் ஆட்டோவில் ஏறும் வரைக்கும் அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிக்காஹ்வுக்கு முந்திய வாரம் பெட்டியைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து ஹமீது மாமா பள்ளிவாசல் லெப்பையையும் கூட்டிக்கொண்டு வந்தார். முன் ஹாலில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். நஸ்மியாவும் மாமியும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். லெப்பைக்கு முன்னால் கிற்றாரை எடுக்கக் கூச்சமாக இருந்ததால் பெட்டியை மட்டும் வைத்து, கிற்றாருக்குப் போகும் கம்பியைச் சொருகி, அதன் மறு நுனியைத் தரையில் போட்டிருந்தேன்.

"வால்வுப் பெட்டி மாதிரி இது சூடேற மட்டும் காத்திருக்கத் தேவையில்ல மாமா," என்றேன் பெருமையாக. "ஸ்விட்ச போட்ட ஒடனே கதைக்கும்."

போட்டேன். கதைத்தது.

முதலில் மூச்சு விடுவது போல ஒரு சத்தம். அதன் பிறகு ஓர் ஆணின் குரல், மிக மெதுவாக, பக்கத்து அறையில் யாரோ நோயாளியோடு பேசுகிறாற்போல. சொற்கள் எங்களுடையவை அல்ல. தமிழில்லை, சிங்களமில்லை, லெப்பையின் முகத்தைப் பார்த்தேன், அரபியும் இல்லை. அந்தக் குரலில் கோபம் கிடையாது. யாருக்கோ எதையோ பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தது. இடையிடையே நிறுத்தி, நாங்கள் கேட்கிறோமா என்று பார்த்துவிட்டுத் தொடர்வது போல இருந்தது.

"யாரு அது?" என்று ஹமீது மாமா என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்! சத்தக் குமிழை முழுக்கத் திருகிக் குறைத்தேன். குரல் குறையவில்லை. லெப்பை ஓதத் தொடங்கினார். ஹமீது மாமா தைரியசாலி. குனிந்து தரையில் கிடந்த கம்பியின் நுனியைக் கையில் எடுத்தார். அவர் விரல் பட்டதும் அந்தக் குரல் எழும்பிப் பெரிதாகி, அவருடைய கையிலிருந்தே பேசுவது போல ஹால் முழுக்க நிறைந்தது. கம்பியை உதறினார். குரல் மறுபடியும் முணுமுணுப்பாக இறங்கியது.

"கரண்ட புடுங்குங்க மாப்புள!"

புடுங்கினேன். பிளக் என் கையில் இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பெட்டி நிறுத்தவில்லை. கரண்ட் இல்லாமல், சிவப்பு விளக்கு மெல்ல மங்க மங்க, அந்தக் குரல் கதைத்துக்கொண்டே இருந்தது. கதைக்கக் கதைக்க நலிந்து, கிணற்றுக்குள் இறங்குகிறவனின் குரல் மாதிரிப் போனது.

பெட்டிகளைத் திறந்து மூடிப் பழகியவன், ரோசலின் அக்காவுக்குப் பாடம் எடுத்தவன், அந்த நேரம் என்ன செய்திருக்க வேண்டும்? நான் ஓடினேன். ஓடும்போது முழங்கால் பெட்டியில் இடித்தது. எதிரொலிக்காக அதற்குள்ளே நீளமான சுருள் கம்பிகள் தொங்கும். அவை அதிர்ந்து வீட்டுக் கூரைக்குள் இடி விழுந்தாற்போல ஒரு சத்தம் கிளம்பியது. அதற்குப் பிறகு வயசு வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஓடினார்கள். லெப்பையை நான் வாசலில் முந்தினேன். (இல்லை, அவர்தான் வழி விட்டார் என்று நான் இன்றைக்கும் சாதிப்பேன்.)

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. தென்னைகளுக்குள் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஹமீது மாமா லெப்பையிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"பெட்டியக் களப்புத் தண்ணியில போட்றலாம். மாப்புளய என்ன செய்ற?"

"அவருக்கும் ஓதிப் பாக்கணும்," என்றார் லெப்பை. "அது வரைக்கும் நிக்காஹ்வப் பிந்திப் போடுங்க. நல்லாப் பிந்தி."

எனக்கு அழுகை வந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அழுதேன். ஒரு பெட்டியால் நஸ்மியா போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. முழுச் சத்தத்தில். பிளக்கை நான்தான் பிடுங்கிப் போட்டிருந்தேன். வீட்டுக்குள் யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஹமீது மாமா தலைகளை எண்ணிப் பார்ப்பவர் போல முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"மகள் எங்க?" என்று மாமி அலறினார்.

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். நஸ்மியா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிளக்கைச் சொருகி, கம்பியின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகம் எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. அது சொல்வதை அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜின் பிடித்துவிட்டது, அவளையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆலூ," என்றாள் அவள், எங்களைப் பார்த்து. "ஆலூண்டா கிழங்கு."

லெப்பை மறுபடியும் ஓத வாயெடுத்தார்.

"ஹிந்தி வாப்பா. நான் டிஷ்ஷில நாடகம் பாக்கிறல்லியா? கிழங்க அவிச்சுத் தோலை உரிக்கட்டாம். இப்ப வெங்காயம் வதக்கச் சொல்றான்."

மாமிதான் முதலில் தெளிந்தார். "உப்பு எவ்வளவாம்?" என்று ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

ஹமீது மாமா ஜன்னலை விட்டுப் பின்னால் வந்து மெதுவாக அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் வானத்தில் பாதி உயரத்துக்கு, சிவப்பு விளக்குகளோடு நின்றது ரேடியோக் கம்பம். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவுக்குப் பின்னேரங்களில் ஒலிபரப்புகிற கம்பம். அந்த வீட்டுக்கே பெயர் கொடுத்த கம்பம். கார்டில் அச்சடித்து நானூறு வீட்டுக்குக் கொடுத்த கம்பம். அதன் அடியில் பழைய பெட்டியை வைத்தால் கம்பி அலையைப் பிடிக்கும், ஆளின் உடம்பு பட்டால் இன்னும் பிடிக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் மின்தேக்கியில் மிச்சமிருக்கும் கரண்ட் தீரும் மட்டும் பாடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓடுகிறவனுக்கு மனப்பாடம் உதவாது என்பதுதான் அன்று தெரிந்தது.

"நிக்காஹ் சொன்ன தேதியிலயே நடக்கட்டும்," என்றார் ஹமீது மாமா. "பெட்டியோட ஒக்காந்திரிக்க எங்கட மகள் இரிக்கா. ஓடுறதுக்கு மாப்புள இரிக்கார்."

அந்தக் கிழங்குக் கறிக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஜின் ஆணம் என்றுதான் பெயர். (கறியை நாங்கள் ஆணம் என்போம்.) பெருநாளைக்கு அது இல்லாமல் சாப்பாடு இல்லை. பரிமாறும்போது யாராவது ஒருவர் கதையைத் தொடங்குவார். லெப்பையை நான் முந்திய இடம் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போகிறது.

கதையின் கடைசிப் பகுதி பெருநாள் விருந்தில் சொல்லப்படுவதில்லை. அது எனக்கும் நஸ்மியாவுக்கும் மட்டும் தெரியும். கலியாணம் முடிந்து இருவருமாக இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டு முந்தலுக்குப் போனோம். அது ரேடியோதான், பயப்பட ஒன்றுமில்லை என்று ரோசலின் அக்காவிடம் சொன்னேன். பாடம் எடுக்கிற புத்தி அப்போதும் போகவில்லை.

"ரேடியோவா?" என்றார் அவர். "என்ன பாசையில?"

"ஹிந்தி அக்கா."

அவர் வட்டிலப்பத்தை மூடி வைத்தார். "இங்க ஒரு நாளும் ஹிந்தியில கதைக்கேல்ல தம்பி. தமிழ்லதான். என்ட பேரைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டாப் போகத் தோணும். அதுதான் உங்களுக்குத் தந்தனான்."

வீட்டுக்கு வந்ததும் நஸ்மியா நேரே போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஆருக்கு என்று கேட்டாள். அது இப்போதும் எங்கள் அறையில்தான் இருக்கிறது, என்னிடமுள்ள பெட்டிகளில் அதற்குத்தான் சத்தம் அழகு. மஃரிப் நேரம் வந்தால் பிளக்கைப் பிடுங்குகிறவள் அவள். பிடுங்கிய பிறகும் அது அடங்கும் வரை இரண்டு பேரும் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்கிறோம். இதுவரைக்கும் ஹிந்திதான்.