விழாதவளுக்கு உரிமம் இல்லை

மனித உடலில் இருநூற்றாறு எலும்புகள் இருக்கின்றன என்பது மருத்துவத் துறையின் கருத்து. அவற்றில் ஒன்றாவது முறிந்திருக்க வேண்டும் என்பது மண்மேட்டு மோட்டார் பந்தய உரிமக் கழகத்தின் கருத்து. இந்த இரண்டு கருத்துகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர், எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர்.

அவருக்கு ஒரே மகள், பதினேழு வயது. ஏழு வயதில் பைக்கில் ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. பந்தயத் தடத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு உயர மேட்டிலிருந்து பறந்தாலும், காற்றில் எப்படிக் கோணிக்கொண்டாலும், தரைக்கு வரும்போது இரண்டு சக்கரமும் ஒழுங்காக மண்ணில் பதியும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்தால் திங்கட்கிழமை காலையில் மற்ற பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக எக்ஸ்ரேக்காரரின் மேஜையில் வந்து படுப்பார்கள். இவருடைய மகள் மட்டும் வெளியே பெஞ்சில், அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருப்பாள். அதில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு அவரைச் சந்தி சிரிக்க வைத்தது.

அமெச்சூர் பிரிவில் ஜெயிக்க இனி ஒன்றும் பாக்கியில்லை என்ற நிலையில், ஒரு பெரிய பந்தய அணி பூனையைத் தேடி வந்தது. "மாசக் கடைசிக்குள்ள தொழில்முறை உரிமம் வாங்கிட்டு வந்துடு. எங்க பைக் உனக்கு" என்று அணிக்காரர் சொன்னார். அவள் அன்று வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் குதித்தாள். பத்து வருடமாக அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

எக்ஸ்ரேக்காரர் விண்ணப்பத்தை முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பி அனுப்பினார். ஒன்பதாம் நாள் அது திரும்பி வந்தது.

"மேற்படி விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டதில், கட்டம் எண் பதினான்கு (இதுவரை முறிந்த எலும்புகள்: விவரமும் எக்ஸ்ரேயும் இணைக்கவும்) வெறுமையாக விடப்பட்டிருப்பது கண்டறியப்பட்டு, விண்ணப்பம் குறைபாடுடையதாகக் கருதப்பட்டு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது."

அவர் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி மறுபடி அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது.

"'இல்லை' என்பது எலும்பின் பெயராகத் தெரியவில்லை. உரிய எலும்புடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்."

அவர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கழகத்துக்கு நேரிலேயே போனார். துணைப் பதிவாளரின் அறையில் கோப்புகள் சுவரோடு சுவராக நின்றன. துணைப் பதிவாளர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியைக் காட்டி அன்பாகத்தான் கேட்டார்.

"உட்காருங்க. எந்த எலும்பு?"

"எந்த எலும்பும் இல்லைங்க. அதான் பிரச்சினையே."

"பத்து வருஷமா ஓட்டுறான்னு எழுதியிருக்கீங்க. விழவே இல்லையா?"

"இல்லைங்க."

துணைப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப ஓட்டலைன்னு அர்த்தம்."

"சார், முப்பத்தோரு கப்பு வாங்கியிருக்கா. போட்டோகூட இணைச்சிருக்கேன்."

"கப்பு கடையில கிடைக்கும். எலும்பு கிடைக்குமா?"

எக்ஸ்ரேக்காரர் யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தவரை கிடைக்காது.

பதினான்காம் கட்டம் வந்த கதையையும் துணைப் பதிவாளரே சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் கழகத்தில் ஒரு டாக்டர் இருந்தாராம். அடிபட்ட பிள்ளைகளை எலும்பு கூடும் முன்பே பெரிய பந்தயத்துக்குத் தள்ளிவிடக் கூடாது என்று அவர்தான் அந்தக் கட்டத்தைச் சேர்த்தார். அவர் ஓய்வு பெற்றதும் படிவத்தைச் சுருக்கினார்கள். விளக்கம் போய்விட்டது, கட்டம் தங்கிவிட்டது. பிறகு ஒரு குமாஸ்தா பழைய கோப்புகளையெல்லாம் புரட்டி ஓர் ஆராய்ச்சி செய்தார். உரிமம் பெற்ற அத்தனை பேரும் அந்தக் கட்டத்தில் ஏதாவது ஓர் எலும்பை எழுதியிருந்தார்கள். ஆகவே எலும்பு இல்லாமல் உரிமம் இல்லை என்பது ஐயம் திரிபற நிரூபணமானது. அந்தக் குமாஸ்தாதான் இன்று துணைப் பதிவாளர்.

"நீங்க கவலைப்படாதீங்க. பெரிய எலும்பாத்தான் இருக்கணும்னு நாங்க சொல்லலை. நாங்க ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவங்க கிடையாது" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பெத்த பொண்ணுக்கு எலும்பு முறியலையேன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற ஒரே அப்பன் நீங்கதான்."

"ஒரே அப்பன் இல்லை. இன்னைக்கு அங்கே வரிசையில நாப்பது பேர் நின்னாங்க."

அது உண்மை. உரிமக் கழகத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் மூன்று விழுதல் பயிற்சி மையங்கள் இருந்தன. 'முப்பதே நாளில் முறிவு' என்று ஒரு பலகை. 'வலது கை, இடது கை, இரண்டுக்கும் தனித்தனி வகுப்பு' என்று எதிர்ப்பலகை. வாசலில் நின்ற பெற்றோர், ஒருவர் கையில் இருந்த எக்ஸ்ரேயை மற்றவர் வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். "எங்க பையனுக்குத் தோள்பட்டை" என்று ஒரு அம்மா சொன்னால், "எங்க பையனுக்கு ரெண்டு தோள்பட்டையும்" என்று பக்கத்து அம்மா ரொம்ப அடக்கமாகச் சொன்னாள். மாவுக்கட்டு இல்லாமல் கல்லூரிக்குப் போகப் பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். பைக்கைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்காகக் கழற்றி மாட்டும் மாவுக்கட்டு நாலு நிறத்தில் கடைக்கு வந்திருந்தது.

தொலையட்டும் என்று எக்ஸ்ரேக்காரர் மகளை அங்கே சேர்த்துவிட்டார். விழுதல் மாஸ்டருக்கு இரண்டு முழங்கையும் நிமிராது. அதுதான் அவருடைய பட்டம். அவர் பூனையை எண்ணெய் தடவிய பலகையில் ஓட்டச் சொன்னார், ஓட்டினாள். சரளைக் கல்லில் திடீரென்று முன் பிரேக்கை அழுத்தச் சொன்னார், அழுத்தினாள். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. நாலாம் நாள் மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணுக்கு அடிப்படையே சரியில்லை. அவளைப் பார்த்து மத்த பிள்ளைங்களும் கெட்டுப் போகுது. நேத்து ரெண்டு பேர் விழாமலே வீட்டுக்குப் போயிட்டாங்க."

வீட்டு வாசலுக்கு வந்ததும் பூனை சொன்னாள். "விழணும்னுதான்பா போறேன். கடைசி நிமிஷத்துல கை தானாத் திருப்பிடுது. நான் என்ன பண்ணட்டும்?" கண் நிறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி அலமாரியில் ஆயிரம் பேருடைய முறிவுகள் உறையில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துப் பேரை மாற்ற எத்தனை நேரம் ஆகும்? அவர் ஒரு மத்தியானம் முழுக்க அந்த அலமாரியின் முன் நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படத்தில்கூடப் பேர் மாறியதில்லை. அவருக்குக் கை வரவில்லை.

கடைசியில் விதிப் புத்தகத்திலேயே ஒரு வழி இருந்தது. எலும்பு முறியாத துரதிர்ஷ்டசாலிகள் மூவர் குழுவின் முன்னிலையில் நேரில் விழுந்து காட்டலாம். அதற்கு 'நேர்முக விழுதல் ஆய்வு' என்று பெயர். மூன்று வாய்ப்பு தருவார்கள். விழுந்து முறிந்தால் அந்த இடத்திலேயே உரிமம். எக்ஸ்ரேக்காரர் மனுப் போட்டார். மாதத்தின் கடைசி நாள் கிடைத்தது.

அன்று காலை தடத்தின் ஓரத்தில், சேற்று மண்ணின் மேல், குழுவுக்காகச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். துணைப் பதிவாளர் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் ஆட்சேபிப்பதற்கு, மற்றவர் தேநீர் குடிப்பதற்கு. பயிற்சி மையத்துப் பெற்றோர்கள் வேடிக்கை பார்க்கக் கம்பி வேலியோரம் கூடிவிட்டார்கள். அணிக்காரர் புது பைக்கின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

முதல் முறை பூனை பெரிய மேட்டில் ஏறிப் பறந்தாள். இரண்டு சக்கரமும் பதிந்தன. துணைப் பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் முறை பைக்கைக் காற்றில் படுக்கப் போட்டாள். கீழே வரும்போது அது எழுந்துகொண்டது. வேலியோரம் யாரோ கை தட்டிவிட்டார்கள். கை தட்டியவர் எச்சரிக்கப்பட்டார்.

மூன்றாம் முறை அவள் மேட்டை நோக்கி வரும்போது எக்ஸ்ரேக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அணிக்காரர் சாவியைச் சட்டைப்பைக்குள் போடப் போவது தெரிந்தது. பத்து வருட ஆசை இன்னும் நாலு நொடியில் நல்லபடியாகத் தரையிறங்கி நாசமாகப் போகிறது. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"விழும்மா! விழுந்துடும்மா! விழு!"

வேலியோரம் இருந்த எல்லாப் பெற்றோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "விழு! விழு!" என்று தடமே அதிர்ந்தது.

காற்றில் இருந்த ஹெல்மெட் அந்தக் குரலைத் தேடித் திரும்பியது. ஆனாலும் பூனை பூனைதான். இரண்டு சக்கரமும் பதிந்தன. அவள் மெதுவாக ஓட்டிவந்து அப்பா நின்ற இடத்தில், கம்பளத்தின் ஓரமாக பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள்.

"நீங்களாப்பா கத்தினீங்க?"

கேட்டுக்கொண்டே காலை ஊன்றினாள். கால் கம்பளத்தின் மடிப்பில் பட்டு வழுக்கியது. பைக் சாய்ந்தது. வலது கை அடியில் மாட்டியது. படக்கென்று ஒரு சத்தம். முறிந்த எலும்புகளைப் பார்த்தே காலம் தள்ளிய எக்ஸ்ரேக்காரர், எலும்பு முறிகிற சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி, பைக்கைத் தூக்கி நிறுத்திவிட்டு அவளருகே குனிந்தார்.

"இருங்க, இருங்க. இது விழுதல்தானான்னு முதல்ல முடிவு பண்ணணும்" என்றார் துணைப் பதிவாளர்.

ஆட்சேபிக்கும் உறுப்பினர் எழுந்தார். "வண்டி நின்னுட்டிருந்தது. நிக்கிற வண்டியிலிருந்து விழுந்தா அது பந்தய விழுதல் ஆகாது. வாகன நிறுத்துமிட விபத்து. அது வேற இலாகா."

எக்ஸ்ரேக்காரர் நிமிர்ந்தார். "நிக்கலை சார்! முன்சக்கரம் சுத்திட்டிருந்தது. என் கண்ணால பார்த்தேன்."

"எஞ்சின்?"

"ஓடிட்டுத்தான் இருந்தது!"

"கால் ரெண்டும் தரையில இருந்ததா?"

"ஒண்ணுதான் சார் தரையில. இன்னொண்ணு மிதியில இருந்தது."

"விழுந்தது கம்பளத்துல. கம்பளம் தடத்துல சேருமா?"

"கழகம் விரிச்ச கம்பளம் சார். கழகம் எதை விரிச்சாலும் அது கழகத்தோட தடம்தானே?"

துணைப் பதிவாளர் முகம் மலர்ந்தது. இவ்வளவு விஷயம் தெரிந்த பெற்றோரை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. விவாதம் பதினொரு நிமிடம் நடந்தது. பூனை கம்பளத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, வலிக்குதுப்பா."

"இரும்மா, ஆச்சு. முடியப் போகுது."

முடிந்தது. "மேற்படி விழுதல் விழுதலாகவே ஏற்கப்பட்டது" என்று அறிவித்து, உரிமத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பெற்றோர்கள் ஓடி வந்து எக்ஸ்ரேக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அணிக்காரரும் வந்தார்.

"வாழ்த்துகள் சார். எந்தக் கை?"

"வலது."

"ஆக்ஸிலேட்டர் கையாச்சே." அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "பரவாயில்லை, அடுத்த வருஷம் உரிமத்தோட வாங்க. இவளுக்கு ஒரு இடம் வச்சிருக்கேன்."

எக்ஸ்ரேக்காரர் அப்போதுதான் உரிமத்தைத் திருப்பிப் பார்த்தார். முப்பது நாளுக்குள் பந்தயத்தில் கலந்துகொள்ளாவிட்டால் தானாகவே ரத்தாகும் என்று பொடி எழுத்தில் இருந்தது. இந்த முறிவுக்கு மாவுக்கட்டு நாற்பத்தைந்து நாள் என்பது அவருக்கு டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரில் ஏறிக்கொண்டிருந்த துணைப் பதிவாளரிடம் ஓடினார்.

"ரத்தானா மறுபடி விண்ணப்பிக்கலாமா சார்?"

"தாராளமா."

"இந்தக் கையோட எக்ஸ்ரேயை இணைக்கலாமில்ல?"

"எப்படி சார்? அது ஏற்கெனவே பயன்படுத்தின எலும்பு. புதுசா ஒண்ணு வேணும்."

மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவரே மகளைத் தம் மேஜையருகே உட்கார வைத்தார். வலது கையைத் தட்டின் மேல் பூப்போல வைத்து, "அசையாதேம்மா" என்றார். படம் வந்தது. பேரைச் சரிபார்த்துவிட்டு ஒளிப்பெட்டியில் செருகினார். மணிக்கட்டில் கோடு தெளிவாகத் தெரிந்தது.

"என்னை மன்னிச்சிடும்மா. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"விடுங்கப்பா. அதான் உரிமம் கிடைச்சிடுச்சே."

அவள் அதை இடது கையில் கசங்காமல் பிடித்திருந்தாள். முப்பது நாள் விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. அவர் உரிமத்தை வாங்கி, பொடி எழுத்து அடியில் போகும்படி மேஜையில் வைத்தார். அவளை எழுப்புவதற்காக அந்த இடது கையைப் பிடித்தவர், பிடித்த கையை விடவில்லை. ஒளிப்பெட்டியின் வெளிச்சத்தில் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்னப்பா பார்க்குறீங்க?"

"ஒண்ணுமில்லைம்மா. இந்தக் கைக்கு ஏதாவது ஆகியிருக்கான்னு பார்த்தேன்."

"அது நல்லாத்தான்பா இருக்கு."

"ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார் எக்ஸ்ரேக்காரர், கொஞ்சம் வருத்தமாக.