நைனா குடித்த கஞ்சியும் உன் சேலைப் பாவும்

நகரி,
வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி மஞ்சுவுக்கு உன் நைனா வேதாச்சலம் மனசார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் தறியும் சௌக்கியம். திருப்பதியில் நீயும், மாப்பிள்ளை சுரேஷ்பாபுவும், உன் வயிற்றில் இருக்கும் ராஜாவோ ராணியோ, எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள் என்றுதான் கடிதம்.

ஜெயிச்சுட்டேன் மஞ்சு! உன் பிரசவத்துக்குத் துணையாகக் கிளம்பும்போது உன் அம்மா கமலம்மா என்ன சொன்னாள்? "ஒரு மாசம் நீயே ஓட்ஸ் ஆக்கித் துன்னு, சுகரை நூத்தம்பதுக்குள்ள கொண்டாந்தா நகரியில இரு. இல்லாட்டி தறியைப் பூட்டிக்கினு திருப்பதிக்கு வந்துடணும்" என்றாளா இல்லையா? திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. நூற்று முப்பத்தெட்டு! புத்தூர் டாக்டரம்மாவே கண்ணாடியைக் கழற்றி, "பர்வாலேதே!" என்று தெலுங்கில் 'பரவாயில்லையே' போட்டார்.

அந்த வெற்றி சும்மா வந்துவிடவில்லை. நீ அனுப்பிய முதல் டப்பாவில் 'ஸ்டீல் கட்' என்று போட்டிருந்ததால் ஸ்டீல் பாத்திரத்தில்தான் வைக்கணும் போல என்று வைத்து, அடிபிடித்து, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. அப்புறம் பார்த்தால் அது நம்ம நொய் மாதிரிதான், ஊறவைத்து, மண்சட்டியில் குழைய விட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்தால், அடடா! அடுத்த டப்பாவில் பட்டையாக இருந்த ஓட்ஸை அரைத்துத் தோசை வார்த்தேன். முதல் தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்று அடம், கொஞ்சம் அரிசி மாவு சேர்த்ததும் வழிக்கு வந்தது. மிளகு போட்டு உப்புமாவும் கிளறினேன். தறி வேலைக்கு வர்ற ஏழுமலை, "இன்னா மாமா, மாட்டுக்கு வைக்கிறதத் துன்னுகினு கீற?"ன்னு நக்கல் பண்ணான். உப்புமா வாயில போனதும் ரெண்டாந்தரம் தட்டை நீட்டினான்.

ஆனா இன்னிக்கு வெச்சேன் பாரு ஒரு கஞ்சி, அதுதான் எல்லாத்துக்கும் மேல. பிள்ளைக்குப் பேர் வைக்கறப்ப நீ கட்டற சேலைக்கு இன்னிக்குத்தான் தெருவுல நெடுக்கு நூலைக் கட்டிப் பாவு நீட்டினோம். நூல் விறைப்பா நிக்கறதுக்கு ஏழுமலை ஒரு குண்டான்ல மைதா கஞ்சி காய்ச்ச, பக்கத்து அடுப்புல அதே மாதிரி குண்டான்ல நான் ஓட்ஸ் கஞ்சி வெச்சு, ரெண்டையும் இறக்கி ஆறவெச்சேன். ஏழுமலை ஒண்ணைப் பாவுக்குத் தூக்கிக்கினு போக, நான் இன்னொண்ணுல மோர் விட்டுக் குடிச்சேன். திப்பியே இல்ல, வழவழன்னு எறங்குது, லேசா தேங்காயெண்ணெய் வாசனை வேற! எதிர்வீட்டுப் பக்கிரிசாமி மூணு டம்ளர் குடிச்சுட்டு, "இதை எங்கடா கத்துக்கினே?"ன்னு கையைப் பிடிச்சுக்கினான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அனுப்பி வை. இதே கஞ்சியை என் கையால் கொடுக்கிறேன், அப்புறம் தறியைப் பூட்டற பேச்சே எடுக்க மாட்டாள்.

உனக்குச் சுகப்பிரசவம் ஆக நாகலாபுரம் வேதநாராயணரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
சொந்தக் கையால் ஆக்கிச் சாப்பிடும்
உன் நைனா,
வேதாச்சலம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஏழுமலை ஓடி வந்தான். "மாமா, பாவு மேல காக்கா கூட்டமா குந்திக்கினு கொத்துது! நூல் பூரா ஓட்ஸ் ஒட்டிக்கினு கீது!" குண்டான் மாறிப்போச்சு மஞ்சு. நாங்க குடிச்சது பாவுக் கஞ்சி, அந்தத் தேங்காயெண்ணெய் நூலுக்கு விட்டது. ஓட்ஸைத் துன்னது உன் சேலை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அனுப்பாதே. அவளை வரச்சொன்ன வரியை விட்டுவிட்டு, என் கையெழுத்து வரைக்கும் அவளுக்குப் படித்துக் காட்டி, இந்தப் பின்குறிப்பைக் கிழித்துப் போடு. பக்கிரிசாமி இன்னும் கொஞ்சம் கேட்டு, சொம்போடு வாசலில் நிற்கிறான்.