முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பி மழை

அன்பும் அறிவும் நிறைந்த, தற்சமயம் குகையில் குடியிருக்கும் என் மனைவிக்கு, உன் வீட்டில் குடியிருக்கும் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும் உன்னோடு தங்கியிருக்கும் வௌவால்களும் நலமா என்று அறிய ஆவல். ஆறு வாரத்தில் வருகிறேன் என்று போனவள் ஐந்து மாதமாக வரவில்லை என்பதை நான் குறையாக எழுதவில்லை, ஒரு தகவலாக எழுதுகிறேன். போன கடிதத்தில் எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். நீயும் அக்கறையாக ஒரு மாத்திரையின் பெயரை எழுதி ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பினாய். காய்ச்சல் போய்விட்டது. இது வேறு விஷயம். உட்கார்ந்துகொண்டு படி.

உன் ஆபீஸில் வெள்ளையடிக்கிறார்கள் என்று நம் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் குப்பிகளைப் பற்றியது. குகைத் தரையில் மழைநீர் சொட்டிச் சொட்டி வருஷத்துக்கு ஓர் அடுக்காக வளர்ந்த சுண்ணாம்புக் கல்லை நெடுக அறுத்து, பல் டாக்டர் மாதிரி அடுக்கடுக்காகத் துளைபோட்டு, மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய மழையை வருஷத்துக்கு ஒரு குப்பி என்று முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிப் பவுடராக்கினாய். "வீட்ல எதை வேணா தொடுங்க, இதை மட்டும் தொடாதீங்க" என்றாய்.

நான் தொடவில்லை. துடைத்தேன். இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை, ஈரத்தில் நம்பர் சீட்டெல்லாம் உரிந்து தொங்குகிறதே என்று ஒன்றை ஒட்டப் போனேன், முழங்கை பட்டு ஸ்டாண்டே சரிந்து, குப்பிகள் பிரிட்ஜுக்கு அடியில் ஓடி, சீட்டெல்லாம் துடைப்பத்தோடு போய், கடைசியில் எது எந்த வருஷம்னு எனக்கும் தெரியலை, குப்பிக்கும் தெரியலை. இருபத்து மூன்று வருஷமா பி.டி. மாஸ்டரா இருக்கிறவனுக்கு வரிசைன்னா ஒண்ணுதான், குள்ளம் முன்னாடி, நெட்டை பின்னாடி. பவுடர் கம்மியா இருக்கிறதை முன்னால நிறுத்தி, நிறைய இருக்கிறதைப் பின்னால நிறுத்தி, புதுசா நம்பர் போட்டு ஒட்டிட்டேன். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டம்மா சமையல் சோடா கேட்டு வந்தார். எடுத்துக்கோங்க என்றேன், அலமாரியில் என்று சொல்ல விட்டுப்போச்சு. இருநூற்று நாலாம் குப்பியை, அதாவது ஒரு நல்ல மழைக்காலத்தை, அவர்கள் வீட்டில் மத்தியானமே சாப்பிட்டுவிட்டார்கள். பலகாரம் உப்பவே இல்லையாம்.

மறுநாள் உன் ஆபீஸ் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் வந்து ஸ்டாண்டை எடுத்துப்போய் மழையைக் கணக்கிடும் மெஷினில் கொடுத்துவிட்டார். மெல்லிய அடுக்கென்றால் மழை சொத்தை, பவுடரும் கம்மி என்று நீதானே சொன்னாய்? கேட்கணுமா, மழை முந்நூறு வருஷம் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, ஒரு வருஷம்கூடப் பொய்க்கவில்லை. உங்கள் டைரக்டர் இப்படி ஓர் ஒழுங்கான பருவமழையை ஆயுசில் பார்த்ததில்லை என்று பூரித்துப்போய், வருகிற வியாழக்கிழமை கூட்டத்தில் அறிவிக்கப் போகிறாராம். அந்த ஒழுங்கு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வந்தால்தான் உண்டு. உடனே கிளம்பு.

மழை என்றதும் ஒன்று. முதல் மழைக்கு நீ என் சட்டையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போவாய், நான் சளி பிடிக்கும் என்று திட்டுவேன். இந்தத் தடவை நானாகப் போய் நின்றேன். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அஞ்சு நிமிஷத்தில் உள்ளே வந்துவிட்டேன். உன் குடை கதவுக்குப் பின்னால் காய்ந்துபோய்க் கிடக்கிறது. என்றைக்கோ பெய்த மழையெல்லாம் உனக்கு அத்துப்படி, இந்த வருஷத்து மழையை மட்டும் நீ பார்க்கவே இல்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஜீப்காரரை விசாரித்ததாகச் சொல்லவும். வௌவால்களுக்கு என் ஆசிகள். தலையில் கல் இடிக்காமல் நடமாடவும்.

இப்படிக்கு,
உன் கணவன்

பின்குறிப்பு (பின்பக்கம்): மேலே எழுதியதில் மழையும் பால்கனியும் குடையும் மட்டும்தான் நிஜம். ஒரு குப்பியும் விழவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டும் நீ வைத்த வரிசையிலேயே நிற்கின்றன. அந்த அறையில் நான் ஃபேன்கூடப் போடுவதில்லை, ஐந்து மாதமாகத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். மாடிவீட்டம்மா பாவம், அவரிடம் சோடா வாங்கியதே நான்தான். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை பெயர் வருகிறது, உன் கல்லுக்கு ஒன்று என்றால் நீயே வருவாய் என்று எழுதிவிட்டேன். தப்புதான். பதறாமல் வேலையை முடித்துக்கொண்டு வா. ஆனால் முன்பக்கத்தைப் படித்த கையோடு பெட்டியைக் கட்டிவிட்டு, இதை ஜீப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இறங்கிவிடாதே.