மைக்கில் ஏறிய வருமானம்

போன மாதம் காளவாசலில் ஒரு வதந்தி உலவியது. இனிமேல் வருமானச் சான்றிதழ் வேண்டுமென்றால் வீட்டு மொய் நோட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். பிள்ளைகளின் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்த தகப்பன்மார் பலருக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை என்று கேள்வி. எனக்கு இதைச் சொன்னவர் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் லத்தீப். அவரையே பிடித்துத் துருவினேன்.

"நோட்டெல்லாம் இல்லண்ணே. மைக்கு. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு ஆளு மைக்ல மாட்டிக்கிட்டாரு. நம்ம சனம் கைக்குக் கை மாத்தி அதை நோட்டாக்கிருச்சு."

சமயநல்லூருக்குப் பஸ் ஏறுமுன், வாசகரே, அந்த ஆள் எந்த இனம் என்று சொல்லிவிடுகிறேன். அவர் இருவருமானப் பேர்வழி. சம்பாத்தியம் ஒன்றுதான், அது கேட்கிற ஆளைப் பார்த்து ஊதும், வற்றும். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் ஊதும், வங்கியில் கடன் கேட்கப் போனால் இன்னும் ஊதும், அரசு அலுவலகத்து மின்விசிறிச் சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் வற்றத் தொடங்கிப் படியேறும்போது கஞ்சித்தொட்டியாகிவிடும். அங்கே போகும் நாளைக்கென்றே காலர் கிழிந்த சட்டை ஒன்று துவைத்து மடித்து வைத்திருப்பார். மோதிரம் சட்டைப்பைக்குள் போகும். பைக் இரண்டு தெரு தள்ளி நிற்கும். குரல்கூட மெலியும். "ஏதோ ஓடுது சார்" என்பார். எது ஓடுகிறது, எங்கே ஓடுகிறது? கேட்காதீர்கள், அழுதுவிடுவார்.

சின்னக்கருப்பன் இந்த இனத்தில் அசல் வார்ப்பு. சமயநல்லூர் ரோட்டோரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகள் தமிழ்வாணி ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உதவித்தொகை வந்தால் அடுத்த வருடக் கட்டணம் கட்டலாம். வராவிட்டால் வீட்டில்தான் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் அரசு போட்ட கோட்டுக்குக் கீழே இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். கோடு எங்கே இருக்கிறது என்று விசாரித்தாரா? எந்த இருவருமானப் பேர்வழி விசாரித்திருக்கிறார்? எவ்வளவு குறைத்துச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் வேதம்.

"மாசம் எம்புட்டு வரும்?" என்று கேட்டார் கிராம நிர்வாக அலுவலர் கனகா.

"ஆறாயிரம் வந்தாப் பெரிசு மேடம்."

"வீட்ல அவங்க வேலைக்குப் போறாங்களா?"

"அவளுக்கு முட்டு வலி மேடம்."

முட்டு வலி உண்மை. அந்த வலியோடு பாண்டியம்மாள் தினமும் ஜவுளிக்கடை வேலைக்குப் போய் வருவதும் உண்மை. இரண்டாவது உண்மையை அவர் விழுங்கிவிட்டார். கனகா குறித்துக்கொண்டார், விசாரித்துவிட்டு எழுதுவதாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் ஒரு காதணி விழா. வாசலில் ஃபிளெக்ஸ், வரவேற்போர் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு 'தொழிலதிபர் சின்னக்கருப்பன்'. மொய் மேடையில் ஒருவர் எழுத, இன்னொருவர் மைக்கில் வாசிக்க, நம்மவர் கவரை நீட்டினார். பெயர் வரும் நேரம் பார்த்து மைக் கீச்சிட்டது. அத்தோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. போவாரா?

"மாப்ள, பேரு சரியா விழல. இன்னொருக்கா சொல்லு. தொழிலதிபரையும் சேத்துச் சொல்லு."

"சமயநல்லூர் தொழிலதிபர் அண்ணன் சின்னக்கருப்பன் அவர்கள், ரூபாய் இருபத்தையாயிரத்து ஒண்ணு!"

பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்த கனகா, கடிக்கப்போன அப்பளத்தைக் கீழே வைத்தார்.

கை கழுவும் இடத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

"ஏண்ணே, நாலு மாச வருமானத்துக்கு மேல ஒரே கவர்ல வச்சுட்டீங்களே, மிச்ச மாசமெல்லாம் எதைச் சாப்பிடுவீங்க?"

அண்ணன் கழுவிய கையையே மறுபடி கழுவினார். விண்ணப்பம் திரும்பி வந்தது. உதவித்தொகைக்குக் கடைசித் தேதிக்கு ஐந்தே நாள். மறுநாள் தமிழ்வாணி கல்லூரிக்குப் போகவில்லை; அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"அது பழைய மொய் மேடம். நம்ம விசேஷத்துல அவங்க செஞ்சது. திருப்பிச் செய்யலைன்னா ஊர்ல தலை காட்ட முடியாது. வட்டிக்கு வாங்கித்தான் வச்சேன்" என்றார் சின்னக்கருப்பன்.

"தொழிலதிபர்?"

"அது ஃபிளெக்ஸ் அடிக்கிறவன் போடுறது மேடம்."

தமிழ்வாணி குறுக்கே வந்தாள். "அப்பாவுக்கு மாசம் பதினோராயிரம் மேடம். அம்மா சம்பளம் அஞ்சாயிரம். ரெண்டுந்தான் எங்க வருமானம்."

கனகா பேனாவை வைத்துவிட்டார். "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? கோடு இதுக்கு ரொம்ப மேல இருக்கு. உண்மையைச் சொல்லியிருந்தா அப்பவே கிடைச்சிருக்கும். புதுசா எழுதிப் போடுங்க, இன்னைக்கே பாக்குறேன்."

வேறொரு மனிதராக இருந்தால் இங்கே மகிழ்ந்திருப்பார். இவர் முகம் விழுந்துவிட்டது. ஆறாயிரம் ஏழைக்கு இரக்கம் உண்டு, தொழிலதிபருக்கு மரியாதை உண்டு. பதினாறாயிரத்துக்கு என்ன உண்டு? குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"மேடம், இந்தத் தொகையை மட்டும் வெளியே யாருக்கும் சொல்லிராதீங்க."

சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பிக்க அறுபது ரூபாய். அப்பா பையைத் தடவினார். கைக்கு மோதிரம்தான் வந்தது. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசிலிருந்து மகள் கட்டினாள். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் சான்றிதழ் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் டீக்கடையில் நின்ற ஏழு பேருக்கும் டீயும் வடையும் வாங்கித் தந்தார். விஷயத்தை விசாரிக்க அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த நான் எட்டாவது ஆள், எனக்கும் கிடைத்தது.

"ஐயோ பாவம், என்ன மனுஷனய்யா" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு சின்னக் கேள்வி: உங்கள் மாத வருமானம் எவ்வளவு?

பதிலுக்கு முன்னால், கேட்கிறவன் யார் என்று ஒரு கணம் யோசித்தீர்கள், இல்லையா?

நான் கிளம்பும்போது தமிழ்வாணி பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, என் அறுபது ரூபா?"

"தாரேன் தாயி. தொழில் கொஞ்சம் டல்லா இருக்கு."