உயிரோடு இருப்பதற்கு இரண்டு சாட்சி

பிரான்ஸ் தேசம் எங்கே முடிகிறது என்று பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும் அதை மறந்துவிடுங்கள். அது பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜ் மாடியில், நான்காம் நம்பர் அறையில் முடிகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஊர் தபாலாபீஸ் கிளார்க். ஐந்தாம் நம்பர் அறையில் இருந்தேன். இரண்டு தேசங்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது.

நான்காம் நம்பர்க்காரரை ஊரே சைகோன்காரர் என்றது. புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, வியட்நாமின் சைகோனில் பதினைந்து வருஷம் துப்பாக்கி தூக்கியவர். புதுச்சேரி இந்தியாவுக்குக் கைமாறியபோது, 'நீ எந்த நாட்டுக்காரனாக இருக்கப் போகிறாய்?' என்று எழுதிக் கேட்டார்களாம். இவர் பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் பிரான்ஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

சித்திரை வெயிலில் கோட்டும் நீலத் தொப்பியும் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவார். படியிறங்கத் தனக்குத்தானே பிரெஞ்சில் ஆர்டர் போட்டுக்கொள்வார். 'ஆன் அவான், மார்ஷ்', அதாவது 'முன்னே நட', என்று குரல் கேட்டால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். குறுக்கே நின்றால் மோதிவிட்டுத்தான் போவார். முழ நீளத்துக்கு ரொட்டி வேண்டும் என்று பேக்கரியில் ஒரு மாதம் சண்டை போட்டார். பேக்கரிக்காரர் கடைசியில் ஒன்று சுட்டுக் கொடுத்து, "இதை வெச்சு மொளகா இடிக்கலாங்க, திங்க முடியாது" என்றார். இவர் ஒரு கடி கடித்துவிட்டு, "சரியா வந்திருக்கு" என்றார்.

ஜூலை பதினாலு பிரான்ஸுக்குத் தேசிய நாள். லாட்ஜ் மொட்டை மாடியில் மூங்கில் கம்பு நட்டு, நீலம், வெள்ளை, சிவப்புக் கொடியை ஏற்றி, மெடல்களைக் குத்திக்கொண்டு சல்யூட் அடித்து நிற்பார். ஒரு வருஷம் கொடியைப் பார்த்துவிட்டு உள்ளூர் அரசியல்காரர்கள் இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள்.

"புதுக் கட்சிங்களா? தலைவரு யாருங்க?"

"தலைவர் பாரிஸ்ல இருக்கார்" என்றார், கையை இறக்காமல்.

"அப்ப பென்னாகரம் கிளையில எத்தன பேருங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"ஆளு சேந்தா சொல்லுங்க" என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

தினமும் பதினோரு மணிக்குத் தபாலாபீஸுக்கு வருவார். "கடுதாசி ஒண்ணும் இல்லையே?" என்றுதான் கேட்பார். இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் இல்லை என்றதும், ஏதோ நல்ல செய்தி கேட்டவர் மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார். யாரிடமிருந்து எதிர்பார்க்கிறார் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

சைகோனில் கட்டிய மனைவியும் மகளும் கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போனார்களாம். அம்மாவைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று இவர் புதுச்சேரிக்கு வந்தார். அம்மா இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தாள். அதற்குள் அங்கிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது.

"நேர்ல போயிப் பாக்கலாமேங்க?"

"போயி நின்னு, நீ யாருன்னு கேட்டுட்டா என்ன பண்றது?" என்றார். "புதுச்சேரில தெருவுக்குத் தெரு நிறுத்திக் கேட்டான் தம்பி, பொண்டாட்டி எங்க, புள்ள எங்கன்னு. யாரும் கேக்காத ஊரா இருக்கட்டும்னுதான் இங்க வந்தேன். எட்டு வருஷமாச்சு. ஒருத்தரும் கேக்கல."

அடுத்த ஆளுக்கு ஸ்டாம்ப் கிழிக்கப் போய்விட்டேன்.

உலகத்தில் அவரை வருஷம் தவறாமல் விசாரித்தது பிரெஞ்சு சர்க்கார் மட்டும்தான். பட்டாளத்துப் பென்ஷனுக்காக ஒரு பாரம் வரும். 'இன்னார் உயிரோடு இருக்கிறார், நேரில் பார்த்தேன்' என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை புதுச்சேரிக்கே போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். அந்த வருஷம் முட்டி வீங்கி அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக முடியவில்லை. என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனார்.

அங்கிருந்த கிளார்க் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொறப்புக்கு சர்டிபிகேட் இருக்குதுங்க, சாவுக்கு இருக்குதுங்க. நடுவுல உயிரோட இருக்கறதுக்கு நாங்க எதுவும் குடுக்கறதில்லீங்களே."

"அதான் நேர்ல நிக்கறேனே."

"நிக்கறது நீங்கதானான்னு நாங்க எப்படிங்க சொல்றது? உங்களைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சாட்சி போடட்டும். தாசில்தாரு கையெழுத்துப் போட்டுருவாரு."

எதற்கும் அசையாத மனுஷன் அதில் ஆடிப்போனார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று விரல் விட்டு எண்ணினார். ஒன்று, நான். அதற்கப்புறம் விரல் நகரவில்லை.

"பேக்கரிக்காரர்?" என்றேன்.

"அவருக்கு என் பேரு தெரியாது தம்பி."

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் இருக்கிறதா என்றுதான் தினமும் பார்ப்பேன்; பேரைப் பாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் லாட்ஜ் முதலாளி பாயைக் கூட்டி வந்தோம். "இவரு உயிரோட இருக்காருன்னு அல்லா மேல ஆணையா சொல்றேங்க. காலைல இவரு போடற சத்தத்துக்கு செத்தவனே எந்திரிச்சுருவான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு சைகோன்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாரம் தபாலில் போன கையோடு எங்களை ஒகேனக்கலுக்கு இழுத்துப் போய் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தார். மீகாங் ஆற்றில் பார்க்காத தண்ணீரா என்று பரிசலில் விறைப்பாக ஏறி நின்றார். பரிசல்காரர் ஒரு சுற்று சுற்றினார். பிரெஞ்சு ராணுவம் என் மடியில் விழுந்தது.

மறு வருஷமே எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. சைகோன்காரர் கலங்கிப் போனார். "சாட்சி மாறினா செல்லாது தம்பி. பிரெஞ்சுக்காரன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பாப்பான். வருஷம் ஒரு தடவை நீ நேர்ல வந்துதான் ஆகணும்" என்றார்.

மார்ச் பிறந்தால் அவசரம் என்று கார்டு வரும். நான் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நாள் லீவு போட்டு, சேலத்திலும் தருமபுரியிலும் பஸ் மாறி, இடுப்பொடியப் போய் இறங்குவேன். "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு தூரமா?" என்பாள் என் மனைவி. பிரான்ஸ் விவகாரம் உனக்குப் புரியாது என்பேன்.

மூன்றாவது வருஷம் கொஞ்சம் சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன். பழைய ஆபீஸில் தலையைக் காட்டலாம் என்று நுழைந்து, என் இடத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கவரு ஜனவரியிலயே ரிஜிஸ்டர்ல போயிருச்சுங்களே சார். வருசா வருசம் நான்தான் ரசீது குடுக்கறேன். தாலுகா ஆபீஸ்ல இப்ப சாட்சியெல்லாம் கேக்கறதில்லீங்க. ஆளைப் பாத்ததும் போட்டுக் குடுத்தர்றாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று லாட்ஜ் படியேறினேன். கதவு திறந்தே இருந்தது. சைகோன்காரர் முகம் மழித்து, கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் மை நிரப்பிய பேனா. அதற்கடியில் ஒரு பாரம். அது எந்த வருஷத்துப் பாரமோ, மடித்த இடமெல்லாம் பழுத்துப் போயிருந்தது.

"பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா தம்பி?"

கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"இங்க. நல்லாப் பாத்துட்டுப் போடு. நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கு."

நன்றாகத்தான் பார்த்தேன். போன வருஷத்துக்கு இளைத்திருந்தார்.

எனக்கு விஷயம் தெரியும் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதற்கப்புறமும் மூன்று மார்ச் போய், எங்கேயும் போய்ச் சேராத அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். நான்காவது மார்ச்சில் கார்டு வரவில்லை. இப்போதும் மார்ச் பிறந்தால் கை தானாக இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிடுகிறது. எங்கேயும் போவதில்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.